சத்தத்தைச் சத்தத்தால் அழிக்க முடியுமா? காதை அடைக்காத இயர்போன் பற்றி ஓர் ஆய்வு



நம் சுவர் இதழின் அறிவியல் பகுதிக்கு இந்த முறை நான் எடுத்துக்கொண்ட பொருள் இயர்போன். "இதுல என்ன அறிவியல் இருக்கு, பாட்டுதானே கேட்கும்" என்று கேட்காதீர்கள். நான் சொல்வது வயர் இல்லாத, வெளிச் சத்தத்தைக் குறைக்கிற, அதே நேரத்தில் காதை அடைக்காத ஒரு வகை இயர்போன். காதை அடைக்காமலே சத்தத்தைக் குறைப்பது என்பது கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கொசு வராமல் பார்த்துக்கொள்வது மாதிரி. அது எப்படி முடியும், எவ்வளவு தூரம் முடியும் என்பதுதான் கட்டுரை.

என் பெரியப்பா மகன் அண்ணா கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். அவர் விடுமுறைக்கு வந்தபோது தன்னிடம் இருந்ததை நான்கு நாள் என்னிடம் கொடுத்தார். கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுதினால் விளம்பரம் ஆகிவிடும் என்று அறிவியல் டீச்சர் சொன்னார்கள்.

முதலில் பாடம். ஒலி என்பது காற்றில் போகும் அலை என்று நாம் படித்திருக்கிறோம். காற்று ஓர் இடத்தில் நெருங்கும், அடுத்த இடத்தில் விலகும். நெருக்கத்தை மேடு என்றும் விலகலைப் பள்ளம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மேடு வரும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே அளவு பள்ளத்தை நாம் அனுப்பினால் இரண்டும் சேர்ந்து சமதளம் ஆகிவிடும். சமதளம் என்றால் காதுக்குச் சத்தம் இல்லை. (வலது ஓரத்தில் பச்சை ஸ்கெட்சில் வெளிச் சத்தமும், சிவப்பில் எதிர்ச் சத்தமும் வரைந்திருக்கிறேன்.)

இதை விளையாட்டு நேரத்தில் கயிற்றை வைத்துச் செய்து பார்க்கலாம். நானும் ஒரு தோழியும் நீளமான தாம்புக்கயிற்றைத் தரையோடு ஒட்டி ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டோம். நான் வலது பக்கம் ஓர் உதறு, அவள் அதே நேரம் எதிர்ப்பக்கம் ஓர் உதறு. இரண்டு வளைவும் நடுவில் சந்திக்கும் ஒரு கண நேரம் கயிறு நேராக இருக்கும். பிறகு இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப் போய்விடும். இதைக் கவனமாகப் பாருங்கள். அலை செத்துப் போகவில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் தெரியவில்லை, அவ்வளவுதான். கட்டுரை முழுக்க இது உதவும்.

இந்த யோசனை புதிது இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த பால் லூக் என்பவர் 1933இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1936இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்துக் கருவிகளால் அதைச் செய்து காட்ட முடியவில்லை. பிறகு வந்தவர் அமர் போஸ். இவருடைய அப்பா வங்காளத்து விடுதலைப் போராட்டக்காரர், ஆங்கிலேயரிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். அமர் போஸ் 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் போகும்போது, அங்கே கொடுத்த ஹெட்போனில் என்ஜின் இரைச்சலால் பாட்டே சரியாகக் கேட்கவில்லையாம். இறங்குவதற்குள் காகிதத்தில் கணக்கைப் போட்டு முடித்துவிட்டார். 1986இல் வாயேஜர் என்ற சிறிய விமானம் எங்கும் இறங்காமல், நடுவில் எரிபொருள் நிரப்பாமல், 9 நாளில் உலகத்தைச் சுற்றியது. அதை ஓட்டிய இருவரும் போஸ் கம்பெனியின் மாதிரி ஹெட்போனைப் போட்டிருந்தார்கள். எதற்கு? பாட்டுக் கேட்க இல்லை. ஒன்பது நாள் என்ஜின் சத்தத்தில் காது போய்விடக் கூடாதே என்றுதான். 1989இல் விமானிகளுக்காக அது விற்பனைக்கு வந்தது.

அந்த ஹெட்போன் காதை முழுதாக மூடும் கிண்ணம் போன்றது. இதையும் நினைவில் வையுங்கள்.

இப்போது இயர்போனுக்குள் போவோம். வெளிப்பக்கம் ஒரு குட்டி மைக் இருக்கிறது, அது வரும் சத்தத்தைப் பிடிக்கும். உள்ளே ஒரு சிப்பு அந்த அலையைத் தலைகீழாக்கிக் கணக்கிடும். ஸ்பீக்கர் அந்தத் தலைகீழ் அலையைக் காதுக்குள் விடும். பெரும்பாலும் உள்பக்கம் இன்னொரு மைக்கும் இருக்கும். "அழிந்ததா, மீதி இருக்கிறதா" என்று பார்த்துச் சொல்லும் மேஸ்திரி அது. மீதி இருந்தால் சிப்பு திருத்திக்கொள்ளும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் பல்லாயிரம் முறை நடக்கிறது.

எல்லாம் சரி, ஆனால் நேரம் தவறக்கூடாது. இதற்கு நான் ஒரு கணக்குப் போட்டேன், டீச்சர் திருத்திப் பார்த்துச் சரி என்றார்கள். மின்விசிறியின் உறுமல் போன்ற தாழ்ந்த ஒலி 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஓர் அலைக்கு ஆகும் நேரம் 10 மில்லி நொடி. இயர்போன் 0.125 மில்லி நொடி தாமதமாக எதிர் அலையை விட்டாலும் 80இல் ஒரு பங்குதான் பிசகு. கிட்டத்தட்ட முழுக்க அழியும். அதே தாமதம் 4000 ஹெர்ட்ஸ் கீச்சு ஒலிக்கு ஏற்பட்டால்? அதன் ஓர் அலைக்கே 0.25 மில்லி நொடிதான். 0.125 என்பது சரிபாதி. பள்ளம் வர வேண்டிய இடத்தில் மேடு வந்துவிடும். மேட்டோடு மேடு சேர்ந்து அலை இரண்டு மடங்கு ஆகும். அழிக்கப் போய் கூட்டிவிட்ட கதை! அதனால்தான் இந்தக் கருவிகள் கீச்சு ஒலிகளின் பக்கமே அதிகம் போவதில்லை. தாழ்ந்த, ஒரே சீரான உறுமலை மட்டும் நன்றாகக் குறைக்கின்றன. பேச்சு, தட்டல், வெடிப்பு இவையெல்லாம் கணத்துக்குக் கணம் மாறுவதால் அடுத்து என்ன வரும் என்று சிப்புக்குத் தெரியாது.

இடமும் தவறக்கூடாது. கயிற்றில் பார்த்தோமே, அமைதி ஓர் இடத்தில் மட்டும்தான். அந்த அமைதி இடத்தின் அகலம் ஒலியின் அலைநீளத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு என்று சொல்கிறார்கள். ஒலியின் வேகத்தை நொடிக்கு 340 மீட்டர் என்று கொண்டால் 100 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 3.4 மீட்டர், அமைதி இடம் 34 செ.மீ. தலையே அதற்குள் அடங்கும். 4000 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 8.5 செ.மீ., அமைதி இடம் ஒரு செ.மீ.கூட இல்லை. நம் காதுக் குழாயின் நீளமே சுமார் 2.5 செ.மீ.

சரி, அப்படியானால் மற்ற இயர்போன்களில் கீச்சு ஒலியும் எப்படிக் குறைகிறது? ரப்பர் மூடியால்! காதுக்குள் திருகிச் செருகுகிறோமே, அந்த மூடி உயர்ந்த ஒலிகளைத் தானே தடுத்துவிடும், அதற்குச் சிப்பும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். தாழ்ந்த ஒலிகளைச் சிப்பு பார்த்துக்கொள்ளும். ஆளுக்குப் பாதி வேலை. விமானிகளின் ஹெட்போனில் கிண்ணம் செய்தது அந்தப் பாதி வேலையைத்தான்.

காதை அடைக்காத வகையில் அந்தப் பாதி ஆள் வேலைக்கே வரவில்லை என்று அர்த்தம். அது காதின் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் சந்து. அந்தச் சந்து ஒவ்வொருவர் காதிலும் வேறு அளவு. நான் வாயைத் திறந்தாலே மாறுகிறது. சிப்பு அதற்கேற்ப விடாமல் கணக்கை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். போதாததற்கு, எதிர் அலையில் கொஞ்சம் அந்தச் சந்து வழியாக வெளியேயும் ஒழுகிவிடும்.

அப்புறம் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று நானும் கேட்டேன். போட்டுப் பார்த்ததும் புரிந்தது. ரப்பர் மூடி போட்டால் நாம் பேசுவது நமக்கே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும். முறுக்கு தின்றால் கல் உடைப்பது போல இருக்கும். காது வியர்க்கும், சிலருக்கு அரிக்கும். அடைக்காத வகையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. 2019இல் ஹுவாவேயின் ஃப்ரீபட்ஸ் 3, 2020 ஆகஸ்டில் மொச்சைக்கொட்டை வடிவத்தில் சாம்சங்கின் கேலக்ஸி பட்ஸ் லைவ், 2024 செப்டம்பரில் ஆப்பிளின் ஏர்பாட்ஸ் 4 என்று வரிசையாக வந்தன. ஏர்பாட்ஸ் 4 இரண்டு வகையில் வந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. இரைச்சல் நீக்கம் இல்லாதது வெளியானபோது 12,900 ரூபாய், இருப்பது 17,900 ரூபாய். வித்தியாசம் 5,000 ரூபாய்! நீக்கத்தைப் போட்டு வைத்தால் ஒரு சார்ஜில் 4 மணி நேரம், அணைத்தால் 5 மணி நேரம் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. அமைதிக்கும் கரண்டு செலவாகிறது பாருங்கள்.

இனி என் சோதனை. பாட்டு எதுவும் போடாமல், நீக்கத்தை மட்டும் போட்டும் அணைத்தும் கேட்டேன். வீட்டு மின்விசிறியின் உறுமல் நன்றாகக் குறைந்தது. "சர்சர்" என்ற காற்றுச் சத்தம் மட்டும் இருந்தது. டவுன் பஸ்ஸில் போகும்போது போட்டதும் என்ஜின் ஒரு பனைமர தூரம் தள்ளிப் போனது போல ஆயிற்று. ஆனால் கண்டக்டரின் விசில் அப்படியே! கிணற்று மோட்டார், பரவாயில்லை. மிக்ஸியில் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. தம்பி அழுவது துளிகூடக் குறையவில்லை (அம்மாவுக்கு அது நல்லதுதான்).

பேச்சுக்குத் தனியாக ஒரு சோதனை வைத்தேன். பட்டு, கட்டு, தட்டு, சட்டி, பால், கால், தாள், சால் என்று பெரும்பாலும் முதல் எழுத்து மட்டும் மாறும் 20 சொற்களை எழுதித் தம்பியிடம் கொடுத்தேன். அவன் நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு, ஆறடி தள்ளி நின்று, மாற்றி மாற்றிச் சொல்வான். நான் எழுத வேண்டும். நீக்கம் இல்லாமல் 20க்கு 19. நீக்கம் போட்டு, விசிறி ஓடும்போது 20க்கு 20. பேச்சைக் கருவி தொடவே இல்லை, விசிறியை மட்டும் எடுத்துவிட்டது. இந்த இடத்தில் நான் அதை மெச்சினேன். படிக்கும்போது போட்டுக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கலாம், அதற்கு இது ரொம்பப் பொருத்தம்.

ஆனால் நான் இதை வாங்கிப் பார்த்தது படிப்பதற்காக இல்லை. எங்க அம்மா தறிப்பட்டறையில் வேலை செய்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படித்தான். அண்ணா, "சித்திக்கு இதைக் குடுத்தர்லாம் பாப்பா, தறிச் சத்தம் கேக்காது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் சோதிக்கலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது போட்டுக்கொண்டு போனேன். வாசலில் நின்றபோது அடியில் இருந்த "உம்ம்" என்ற அதிர்வு குறைந்தது. உள்ளே போனதும், நாடா இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிக்கு அடித்துப் போகும் அந்தப் "படக் படக்" சத்தம் முழுசாக அப்படியே காதில் அறைந்தது. ஏன் என்று மேலே படித்த உங்களுக்கே தெரியும். அது சீரான உறுமல் இல்லை, அடி. ஒவ்வோர் அடியிலும் கீச்சு ஒலிகள் நிறைய உண்டு. இருபது தறியும் ஒரே நேரத்தில் அடிக்காது, ஆளுக்கொரு தாளம். சிப்பு எதைப் பிடிக்கும், எதை விடும்? சந்துதான் திறந்திருக்கிறதே!

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. உறுமல் குறைந்ததால் "இப்போ பரவால்ல" என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. காதைக் கெடுக்கும் சத்தமோ குறையவே இல்லை.

நாடா ஓடும் பழைய தறிகள் உள்ள பட்டறைகளில் சத்தம் 90 டெசிபலுக்கு மேல் போவது சாதாரணம், 100ஐத் தொடுவதும் உண்டு. அமெரிக்காவின் நையோஷ் என்ற தொழில் உடல்நல நிறுவனம் 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி, 94க்கு 1 மணி, 97க்கு அரை மணி, 100க்கு 15 நிமிடம். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் கொஞ்சம் தாராளம். 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல். அம்மாவின் ஷிப்டு 12 மணி நேரம்.

நம் உள்காதில் நத்தை ஓடு போன்ற உறுப்பில் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. நாற்று வயலில் ஆள் நடந்தால் நாற்று சாயும், கொஞ்ச நேரத்தில் நிமிரும். தினமும் அதே இடத்தில் நடந்தால்? நாற்றையாவது திரும்ப நடலாம், மயிர்ச் செல் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்துச் செல்கள். அதனால் ஆரம்பத்தில் யாருக்கும் தெரியாது. பேச்சின் கனமான பாகம் கேட்கும். ச, த, க, ப போன்ற மெல்லிய, உயர்ந்த ஒலிகள்தான் தேயும். "காது கேக்குது, ஆனா என்ன சொல்றீங்கன்னு புரியல" என்பார்கள்.

அதே 20 சொற்களை வீட்டில், விசிறியையும் டிவியையும் அணைத்துவிட்டு, அம்மாவுக்கு வைத்தேன். இயர்போன் எதுவும் இல்லை. அம்மா சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார்கள். 20க்கு 11. பட்டு என்றால் கட்டு, சால் என்றால் தாள். தம்பி நோட்டைக் கீழே இறக்கியதும் எல்லாம் சரியாகச் சொன்னார்கள். இத்தனை நாள் எங்கள் வாயைப் பார்த்துத்தான் அம்மா எங்களோடு பேசியிருக்கிறார்கள். சமையலறையில் திரும்பி நின்றுகொண்டு, நாங்கள் கூப்பிட்டு அவர்கள் பேசாமல் இருந்தபோதெல்லாம் கோபம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இது கெடக்குது கண்ணு, தறிக்காரங்க எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அம்மா எழுந்து போய்விட்டார்கள். எல்லாருக்கும் என்பதுதான் என்னால் ஒப்புக்கொள்ள முடியாதது. இரைச்சலால் வரும் காது கேளாமை சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. தறிக்காரரின் தலையெழுத்து என்று அதில் எழுதவில்லை.

எனவே, அண்ணாவின் இயர்போனை அம்மாவுக்கு வேண்டாம் என்றேன். இன்னொரு காரணமும் உண்டு. பட்டறையில் சில அண்ணன்மார் ப்ளூடூத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டுகிறார்கள். காதை அடைக்காத இயர்போனில், தறிச் சத்தத்தைத் தாண்டிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்றால் ஒலியளவைக் கடைசிக் கோடு வரை ஏற்ற வேண்டும். தறிச் சத்தமும் குறையவில்லை, அதன் மேல் பாட்டும் ஏறுகிறது. ஒரு காதுக்கு இரண்டு தறி!

தறிக்கு வேண்டியது நுரைப் பஞ்சால் செய்த காது அடைப்பான், இயர்ப்ளக். ஒரு ஜோடி பத்து இருபது ரூபாய்க்கே கிடைக்கிறது. சிப்பு இல்லை, சார்ஜ் இல்லை. சாதாரணப் பஞ்சு வைப்பது மிகக் கொஞ்சமே தடுக்கும், பலரும் அதைத்தான் வைக்கிறார்கள். அடைப்பானைச் செருகவும் முறை உண்டு. கையைக் கழுவிவிட்டு அதை விரல்களால் உருட்டி மெல்லிய திரி போல ஆக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நேராகும். உள்ளே விட்டு அரை நிமிடம் விரலால் பிடித்திருந்தால் அது விரிந்து சந்தை அடைத்துக்கொள்ளும். பாதி வெளியே தொங்கினால் பயன் இல்லை. அழுக்கானால் மாற்ற வேண்டும். காதில் சீழ் அல்லது வலி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் வைக்கக் கூடாது.

அம்மா இரண்டு நாள் வைத்துவிட்டுக் கழற்றினார்கள். "நூல் அறுந்தா தறிச் சத்தம் மாறும் கண்ணு, அதைக் கேட்டுத்தானே ஓடறோம்" என்றார்கள். நியாயமான கேள்வி. அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் குறைக்கும், ஆனால் சுத்தமாக அழிக்காது. மாற்றம் தெரியும், காது பழக நாள் ஆகும். பக்கத்துத் தறி அக்காவும் வைக்க ஆரம்பித்த பிறகு அம்மா திரும்ப வைத்துக்கொண்டார்கள். காதுப் பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வரும் திங்கள்கிழமை போகிறோம். அதற்காக நான் அன்று விடுப்பு.

இயர்போன் வாங்க நினைக்கும் அக்கா அண்ணன்மாருக்கு என் தீர்ப்பு: பஸ், விசிறி, வீட்டில் படிப்பு என்றால் காதை அடைக்காத இந்த வகை சுகமாக இருக்கிறது. ஆனால் விலைக்கு ஏற்ற அமைதியை எதிர்பார்க்காதீர்கள், ரப்பர் மூடி போட்டது பாதி விலையிலும் இதைவிட நன்றாகச் சத்தத்தைக் குறைக்கும். சைக்கிள் ஓட்டும்போது இரண்டுமே வேண்டாம். பட்டறைக்கு இது வேண்டவே வேண்டாம்.

20 சொற்களின் பட்டியலைக் கீழே தனித்தாளில் ஒட்டியிருக்கிறேன். எழுதிக்கொண்டு போய், வாயை மறைத்துக்கொண்டு, உங்கள் வீட்டில் தறிக்குப் போகிறவர்களுக்குச் சொல்லிப் பாருங்கள். 20க்கு எத்தனை, எத்தனை வருடமாகத் தறி ஓட்டுகிறார்கள் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், அறிவியல் டீச்சர் மேசையில் உள்ள சாக்பீஸ் டப்பாவில் போடவும். அடுத்த இதழில் நம் ஊர்க் கணக்கைப் போடலாம்.

ஆக்கம்: ஒன்பதாம் வகுப்பு மாணவி